கோப்பில் இல்லாத செவ்வாய்க்கிழமை

1

இது என் கதை இல்லை. அக்காவிடம் நச்சரித்து வாங்கியது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அக்கா சமூகப் பணியாளர். குழந்தைகள் நல அலுவலகத்தில் பதினேழு வருட வேலை. இத்தனை வருடத்தில் அந்த வேலையைப் பற்றி அவள் என்னிடம் சொன்னதையெல்லாம் சேர்த்தால் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். நானோ கதை எழுதிப் பிழைக்கிறவன். "இன்னிக்கு எப்படி இருந்துச்சுக்கா?" என்று கேட்டால் "இருந்துச்சு" என்பாள். அவ்வளவுதான்.

போன வருடம் ஒரு ஞாயிறு மதியம் என் வீட்டுக்கு வந்தாள். ஆரஞ்சுப் பழம் கொடுத்தேன். உரித்த சுளைகளை வாயில் போடாமல் தட்டில் வரிசையாக அடுக்கிக்கொண்டே இருந்தாள்.

"ரெண்டே வார்த்தைடா" என்றாள். "‘தாய் ஒத்துழைக்கவில்லை.’ நான்தான் எழுதினேன். பதினாறு வருஷம் கழிச்சு அது என் மேசைக்கே வந்து நிக்குது."

அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. மூன்று மாதம் அவள் உயிரை வாங்கினேன். கடைசியில் சில நிபந்தனைகளோடு இறங்கி வந்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுட்டேன். எழுதட்டும், ஆனா படிச்சா என்னை எனக்கே அடையாளம் தெரியக் கூடாதுன்னு சொல்லிட்டா. அவ வேலையை மாத்து, வீட்டை மாத்து. அவளோட அம்மாகிட்ட நான் கேக்கலை. அதனால அவங்க விஷயத்துல நான் செஞ்சதை மட்டும்தான் சொல்வேன். அவங்க பேசினதை நீயா எழுதிக்கோ. ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோ. அவங்களைக் கெட்டவங்களாவும் ஆக்காதே, தெய்வமாவும் ஆக்காதே."

ஆகவே, இந்தக் கதையில் தாய் பேசுவது எல்லாம் என் கைச்சரக்கு. பிடிக்காவிட்டால் என்னைத் திட்டுங்கள்.

2

முதல் தொடக்கம்: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அந்த மழையோடு ஒரு தாயின் கண்ணீரும்—"

வேண்டாம். இதைப் படித்தால் அக்கா என்னை வாசற்படி ஏற விடமாட்டாள்.

இரண்டாம் தொடக்கம்: "சமூகப் பணி என்பது ஒரு மனிதரை அவருடைய சூழலோடு சேர்த்துப் புரிந்துகொள்ள முயலும்—"

இது பரீட்சைத்தாள். ஆனாலும் இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒரு மாமா அக்காவைப் பிடித்துக்கொண்டு, "ஏதோ சமூக சேவை பண்றியாமே, புண்ணியம்மா" என்பார். அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "சேவை இல்ல மாமா, வேலை. படிச்சுட்டு வந்து பாக்கற வேலை. புண்ணியம்னு நினைச்சுப் பண்ணினா எதிர்ல உக்காந்திருக்கறவங்க நமக்கு நன்றி சொல்லணும்னு தோண ஆரம்பிச்சுடும்." மாமா அடுத்த பந்திக்கு நழுவிவிடுவார்.

(பயிற்சிக்கு வருகிறவர்களிடம் அக்கா ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, பக்கத்தை மூன்றாகக் கோடு போடச் சொல்வாளாம். பார்த்தது, கேட்டது, நினைத்தது. ஒன்றை இன்னொன்றில் எழுதினால் கிழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். இந்த வழக்கத்தை அவள் ஏதோ புத்தகத்திலிருந்து எடுத்தாள் என்று நினைத்திருந்தேன். புத்தகத்திலிருந்து இல்லை.)

மூன்றாம் தொடக்கம்தான் சரி. இனி கதை.

3

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, விடுப்பு போட்டுவிட்டு அக்காவின் அலுவலகத்துக்கு வந்தாள். (கண்ணாடிக் கடை நான் கொடுத்தது.) மூன்று வயதில் அவளை அம்மாவிடமிருந்து பிரித்து இன்னொரு குடும்பத்தில் வளர்க்கக் கொடுத்திருந்தார்கள். அப்படி வளர்ந்தவர்கள் பதினெட்டு வயது தாண்டினால் தங்கள் கோப்பைப் படித்துப் பார்க்கலாம். அதற்கு ஒரு படிவம் உண்டு. படிவத்தில் "காரணம்" என்ற கட்டத்தில் அவள் எழுதியிருந்தாள்: "என் அம்மா என்னைக் கேட்டு ஒரு தடவையாவது வந்தாங்களா என்று பார்க்க."

படிவம் அக்காவின் மேசைக்கு வந்தது. அக்கா பதிவறையிலிருந்து கோப்பை எடுத்துவரச் சொன்னாள். பிரித்தால் தன் கையெழுத்து. இருபத்தாறு வயதில், வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் எழுதிய, கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்த, நம்பிக்கை மிகுந்த கையெழுத்து.

அதில் இருந்தது இதுதான். அந்த அம்மா ஒரு துணி ஆலையில் காலை முறை வேலை பார்த்தார். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் குழந்தையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார். ஒரு நாள் ஜன்னலிலிருந்து புகை வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் பூட்டை உடைத்துக் குழந்தையைத் தூக்கினார்கள். அலுவலகம் குழந்தையைக் காப்பகத்தில் சேர்த்தது. அதன்பின் அக்கா மூன்று தடவை அந்த வீட்டுக்குப் போனாள். மூன்று தடவையும் காலை பதினோரு மணி. மூன்று தடவையும் கதவு பூட்டியிருந்தது. நேரில் வரச் சொல்லி மூன்று கடிதம் போனது. பதில் இல்லை. அக்கா அறிக்கை எழுதினாள். தாய் ஒத்துழைக்கவில்லை. நீதிமன்றம் குழந்தையை வேறு குடும்பத்துக்குக் கொடுத்தது. அந்த உத்தரவும் ஒரு உறையில் வைத்துத் தபாலில் போனது.

கோப்பு அங்கே முடிகிறது. நடந்தது அங்கே முடியவில்லை.

உத்தரவு போய் மாதக்கணக்கான பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஆலைச் சீருடையிலேயே ஒரு பெண் அக்காவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். பையிலிருந்து நான்கு உறைகளை எடுத்து வைத்தார். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"கூப்பிடறோம், அதுவரைக்கும் காப்பகத்துல வந்து நிக்காதீங்கன்னு புள்ளையை எடுத்துட்டுப் போன அன்னிக்குச் சொன்னாங்க. நானும் யாராவது வந்து கூப்பிடுவாங்கன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். யாரும் வரலை. இந்தக் காகிதம்தான் வந்துச்சு. எனக்குப் படிக்க வராதும்மா. அக்கம்பக்கத்துல காட்டவும் வெக்கமா இருந்துச்சு. இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

அக்கா படித்தாள். ஒவ்வொன்றாக, சத்தமாக, நான்கையும். நான்காவதைப் படித்து முடித்ததும் அந்த அம்மா கத்தவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"அவளுக்கு அடிக்கடி வலது காது வலிக்கும். தலைக்குக் குளிச்சா பஞ்சு வைக்கணும். அங்க சொல்லிடுங்க" என்றார். போய்விட்டார்.

அக்கா எழுந்து பின்னாலேயே ஓடி— [இந்த வாக்கியத்தை அடித்துவிடுகிறேன். அவள் ஓடவில்லை.]

அவள் உட்கார்ந்தே இருந்தாள். கோப்பை எடுத்துப் பேனாவைத் திறந்தாள். மூடினாள். அன்று நடந்ததை எழுதவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. குழந்தை புது வீட்டில் சிரிக்க ஆரம்பித்துவிட்டது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். காதுக்குப் பஞ்சு வைக்கச் சொல்லி மட்டும் வளர்ப்புக் குடும்பத்துக்குப் போன் செய்தாள்.

4

இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. பாத்திரம் என்றா சொன்னேன்? என் அக்கா. எனக்குக் காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போட்டவள். இரண்டும் ஒரே ஆளா என்று அவளிடமே கேட்டேன்.

"ஒரே ஆள்தான்டா. அதான் சொல்றேன். ‘கதவு பூட்டியிருந்தது’ன்னு எழுதியிருக்கணும். நான் பாத்தது அதுதான். ஒத்துழைக்கலைன்னு நான் நினைச்சேன். நினைச்சதைக் கொண்டுபோய்ப் பார்த்த மாதிரி எழுதிட்டேன். நல்ல தமிழ்ல வேற எழுதித் தொலைச்சேன்."

அக்காவின் மேலதிகாரி அவளைவிட ஆறு வயது சின்னவர். கெட்டவர் இல்லை. அக்கா நடந்ததையெல்லாம் சொல்லக் கேட்டு, கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு வழி சொன்னார்.

"தாயைப் பத்தின விவரம் எல்லாம் இன்னொருத்தரோட அந்தரங்கம்தானே மேடம்? அந்த வரியைக் கறுப்பு மையால மறைச்சுக் குடுத்துடுங்க. விதி இடம் குடுக்குது. நீங்க சொல்ற செவ்வாய்க்கிழமை ரெக்கார்டுலயே இல்ல. ரெக்கார்டுல இல்லாததை எதுக்கு இழுக்கறீங்க? உங்களுக்குத்தான் பிரச்சனை."

"தெரியும் சார்" என்றாள் அக்கா.

அந்த வாரம் முழுவதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஞாயிறுதான் என் வீட்டில் ஆரஞ்சுச் சுளைகளை அடுக்கியது.

5

படிக்கும் அறை சின்னது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, காகிதக் கைக்குட்டை ஒரு பெட்டி. அக்கா கோப்பைப் பெண்ணின் முன்னால் வைத்தாள். முகவரிகளை மட்டும்தான் மறைத்திருந்தாள்.

பெண் விரல் வைத்துப் படித்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் திருப்பிப் பார்த்தாள். வெற்றுப் பக்கம்.

"அப்ப வரவே இல்ல" என்றாள். அழவில்லை. அதுதான் அக்காவைக் கொன்றது. பல வருடமாகத் தெரிந்த ஒன்றை உறுதிசெய்துகொண்டவள் மாதிரி கோப்பை மூடப் போனாள்.

"வந்தாங்க" என்றாள் அக்கா.

பெண் நிமிர்ந்தாள்.

"ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தாங்க. இந்த மேசையில இல்ல, கீழ் மாடியில. நான் அனுப்பின லெட்டரை எல்லாம் பிரிக்காம எடுத்துக்கிட்டு வந்தாங்க. அவங்களுக்குப் படிக்கத் தெரியாது. அதை நான் கேட்டுத் தெரிஞ்சுக்கவே இல்ல. உங்க காது வலிக்கும், பஞ்சு வைக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க."

பெண்ணின் கை தானாக வலது காதுக்குப் போனது. "இன்னும் வலிக்கும்" என்றாள். பிறகு, "ஏன் இதுல எழுதலை?"

"எழுதினா நான் பண்ணின தப்பு காகிதத்துல ஏறிடும். வெக்கம். பயம். அதைவிட நல்ல காரணம் எதுவும் என்கிட்ட இல்ல."

அந்தப் பெண் வெற்றுப் பக்கத்தை மறுபடி திருப்பிப் பார்த்தாள். வெளியே யாரோ நகல் எடுக்கும் இயந்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க மேல எனக்குக் கோபம் வருது."

"வரணும்."

"என்னை வளர்த்த அம்மா நல்லவங்க. அவங்களை எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா பஸ்ல, கடையில, அந்த வயசுல யாரைப் பாத்தாலும் காதைப் பாப்பேன். என் காது மாதிரி இருக்கான்னு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இப்ப எழுதுவீங்களா?"

அக்கா அங்கேயே, அவள் பார்க்க, ஒரு வெள்ளைத் தாளில் எழுதினாள். அன்றைய தேதி போட்டு, பதினாறு வருடத் தாமதம் என்று குறிப்பிட்டு, பார்த்ததையும் கேட்டதையும் மட்டும். கீழே கையெழுத்து. அதைக் கோப்பில் சேர்த்ததற்காக அவளிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அவள் பார்த்துவந்த எல்லாக் கோப்புகளும் நான்கு மாதத்துக்கு வேறொருவரிடம் போயின. அதையும் அவள் "இருந்துச்சு" என்ற தொனியில்தான் சொன்னாள்.

6

பெண் அம்மாவைத் தேடித் தரச் சொன்னாள். விசாரணை முடிந்து கோப்புகள் திரும்பியதும் அக்கா தேடினாள். வேறொரு ஊரில், ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. இந்தத் தடவை முதலில் ஆள் விட்டுக் கேட்டு, அவர் சொன்ன நாளில், அவர் சொன்ன நேரத்துக்குப் போனாள்.

கதவு திறந்தது. அந்த அம்மா அக்காவின் தோளில் தொங்கிய அலுவலகப் பையைத்தான் முதலில் பார்த்தார்.

"இப்ப நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?" என்றார்.

(எழுதிவிட்டு அக்காவிடம் காட்டினேன். இந்த வரியில் கொஞ்ச நேரம் நின்றாள். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.)

அக்கா விஷயத்தைச் சொன்னாள். மன்னிப்பும் கேட்டாள். "தேடறா. பாக்கணும்னு சொல்றா. வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம். முடிவு உங்களோடது."

"பாக்கணும்னு சொல்றாளா, கேள்வி கேக்கணும்னு சொல்றாளா?"

"ரெண்டும்னு நினைக்கிறேன்."

அந்த அம்மா சலவைத்தூளில் வெளுத்துப்போன விரல்களைப் பிசைந்துகொண்டார். "எனக்குக் கொஞ்ச நாள் குடுங்க."

அக்கா தன் தொலைபேசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கொஞ்ச நாள் என்பது ஐந்து மாதம் ஆயிற்று. ஒவ்வொரு மாதமும் பெண் அலுவலகத்துக்குப் போன் செய்வாள். "ஏதாவது?" "இன்னும் இல்லம்மா." ஒரு தடவை மட்டும் அவள், "நான் காத்துக்கிட்டிருக்கேன்னு அவங்ககிட்ட சொல்லிடாதீங்க மேடம், பாரமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீயே ஒரு போன் பண்ணிப் பேசேன்க்கா. என்ன ஆயிடும்?"

"மறுபடியும் அவங்களுக்காக நான் முடிவு பண்ணினதா ஆயிடும்" என்றாள். தொலைபேசியைப் பார்க்காமல் சொன்னாள். பார்க்காமல் இருக்க அவள் படும் பாடு எனக்குத் தெரியும்.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். தாயும் மகளும் ரயில் நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். இதை எழுதும்போது நானே அழுதேன், அதனாலேயே சந்தேகம் வந்து எடுத்துவிட்டேன். இன்னொன்றில் அந்த அம்மா கடைசிவரை அழைப்பதே இல்லை. அதுவும் சரிப்படவில்லை. அவரைத் தண்டிக்க நான் யார்? மூன்றாவதை ஆரம்பித்தேன்: "பல வருடங்களுக்குப் பிறகு—"

அக்கா எல்லாவற்றையும் படித்துவிட்டு, "உனக்கு அவசரம்டா" என்றாள். "எனக்கும் ஒரு காலத்துல இருந்துச்சு."

போன வாரம் மறுபடி வந்தாள். முகம் எதுவும் காட்டவில்லை. காலணியைக் கழற்றிக்கொண்டே, காய்கறி விலை விசாரிக்கிற மாதிரி கேட்டாள்:

"ரெண்டு பேர் உக்காந்து பேசற மாதிரி ஒரு இடம் தெரியுமாடா உனக்கு? ஆபீஸ் மாதிரி இருக்கக் கூடாது. யாரும் எட்டிப் பாக்கக் கூடாது. அழுதா யாரும் வந்து என்ன ஏதுன்னு கேக்கக் கூடாது."

"யாருக்குக்கா?"

"பொதுவாக் கேக்கறேன்."

நூலகத்துக்குப் பின்னால் ஒரு மர பெஞ்சு இருக்கிறது என்றேன். (அக்காவின் நிபந்தனைப்படி, அது நூலகம் இல்லை, பெஞ்சும் இல்லை.) எந்த நாள், எத்தனை மணி என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் தினமும் நடந்துபோகிற வழி அது. இப்போது வேறு தெருவில் போகிறேன். கால் அந்தப் பக்கமே இழுக்கிறது. ஆனாலும் போவதில்லை.

உங்களுக்கு அப்படி விலகிப் போகும் கட்டாயம் இல்லை. எங்காவது, ஏதாவது ஒரு மதியத்தில், ஒரு நடுத்தர வயதுப் பெண்மணியும் ஒரு இளம்பெண்ணும் இடையில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருப்பதை நீங்கள் பார்க்கலாம். அவர்கள் பேசிக்கொண்டிருக்கலாம், பேசாமலும் இருக்கலாம். என்ன பேசினார்கள் என்று என்னிடம் வந்து சொல்ல வேண்டாம்.

கொஞ்சம் சுற்றிப் போங்கள்.