பரீட்சைக்கு வைத்திருந்த பல்

ஒரகடம் சாலையில் கார் கிடைக்கும், கார் செய்கிற ஆள் கிடைப்பான், தேடினால் காலி மனைகூடக் கிடைக்கும். பரீட்சை மாதத்தில் ஒரு சொத்தைப் பல் மட்டும் கிடைக்காது.

கடைசி வருடத்துப் பல் மருத்துவப் பிள்ளைகள், பரீட்சையில் பிடுங்க வேண்டிய பல்லை ஆளோடு சேர்த்துத் தாங்களேதான் கொண்டுவர வேண்டும் என்பது அங்கிருந்த கல்லூரியில் வழக்கம். ஆகவே அந்த மாதம் பிறந்தால் மனை புரோக்கர்கள் தொழிலை மாற்றிக்கொள்வார்கள். "வடக்குப்பட்டுல ரெண்டு கடைவாய்ப் பல்லு கீது தம்பி. கார்னர் பீஸு. வில்லங்கம் இல்ல" என்று போன் வரும். முந்தின வருடம் ஒருவன் எங்கே தேடியும் கிடைக்காமல், மாமனாருக்கு மூன்று சொத்தை இருக்கிற இடமாகப் பார்த்துக் கல்யாணமே பண்ணிக்கொண்டான். ஒன்றைப் பரீட்சையில் எடுத்துப் பாஸானான். மற்ற இரண்டையும் தலைதீபாவளிக்கு என்று விட்டுவைத்திருக்கிறான்.

கவிப்பிரியாவுக்குக் கல்யாணம் பண்ணிக்கொள்ளக்கூடத் தெம்பு இல்லை. பிள்ளைப்பாக்கத்துப் பெண். நீட் மார்க்கு பெரிய டாக்டர் படிப்புக்குக் கொஞ்சம் குறைந்தது, பல்லுக்குப் போதுமாக இருந்தது. அவளுக்கும் பல்லுக்கும் இருந்த பூர்வஜென்ம பந்தம் அவ்வளவுதான். முதல் நாள் ஒவ்வொருவராக எழுப்பி, ஏன் இந்தப் படிப்புக்கு வந்தாய் என்று கேட்டபோது வகுப்பே 'சேவை' என்றது. இவளும் 'சேவை' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். உண்மையில் சேவை செய்யத் துடித்தவர் அப்பா புருஷோத்தமன். சீட் கிடைத்த அன்று சாயங்காலமே கேட்டில் 'டாக்டர் கவிப்பிரியா' என்று போர்டு மாட்டிவிட்டார். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரர் பசுமாட்டை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார். வாயைத் திறந்து பார்த்தவள், மேல்வரிசையில் முன்பல்லே இல்லையே என்று பதறிப்போய், செட்டுப் பல் கட்டச் சொன்னாள். எந்த மாட்டுக்கும் அந்த இடத்தில் பல் கிடையாது என்று பிற்பாடுதான் தெரிந்தது. அதுவரை அந்த மாடு வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டே மேய்ந்ததாகச் சொல்வார்கள்.

போன பரீட்சைக்கு அவள் பிடித்து வைத்திருந்த ஆள், அன்றைக்கென்று கம்பெனியில் ஓ.டி., கூடுதல் நேர வேலை, இருக்கிறது என்று வராமல் இருந்துவிட்டான். பல் இல்லை, பாஸும் இல்லை. கூடப் படித்தவர்களெல்லாம் வெள்ளைக் கோட்டில் பெயர் குத்திக்கொண்டு போய்விட, அவளும் மணிகண்டபிரபுவும் மட்டும் மிஞ்சினார்கள். இந்தத் தடவையும் தவறினால் இன்னும் அரை வருடம். அதை நினைத்தாலே அவளுக்குக் கொட்டாவி வரும். பயம் வருகிற கட்டமெல்லாம் தாண்டியிருந்தது.

அப்போதுதான் கல்லூரிக்குப் பல் காட்டப் பேச்சிராஜ் வந்தான். சங்கரன்கோவில் பக்கத்து ஆள். கார் உதிரிபாகக் கம்பெனியில் நைட் ஷிப்ட். கீழ்க் கடைவாயில், பாடப்புத்தகத்துக்குப் படம் எடுத்துக் கொடுக்கலாம் போல ஒரு சொத்தை. வேர் வரைக்கும் அரித்த, காப்பாற்ற வழியே இல்லாத, பிடுங்க மட்டுமே லாயக்கான பல். கவிப்பிரியாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணா, இத இன்னிக்கு எடுக்க வேணாம்ணா. பத்து நாள் கழிச்சு எடுக்கலாம். அன்னிக்கு எனக்கு எக்ஸாம்ணா."

"சரி தாயி."

"வலிச்சா மாத்திரை போட்டுக்கோங்க. வேற யாரு கேட்டாலும் காட்டாதீங்க."

அன்றிலிருந்து தினமும் அவன் ஷிப்ட் முடிகிற நேரத்துக்குப் போன் பண்ணுவாள். "அண்ணா, எழுந்தாச்சா, படுத்தாச்சா? சாப்ட்டீங்களா? வலி இன்னா சொல்லுது?"

"வலிக்கத்தான் செய்யி."

"அப்பாடா" என்றுவிட்டாள் முதல் நாள். மறுநாளிலிருந்து அதை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள்.

மணிகண்டபிரபு சும்மா இருப்பானா? மோப்பம் பிடித்துப் பென்னலூரில் பேச்சிராஜ் தங்கியிருந்த அறைக்கே போய், பிரியாணி வாங்கிக் கொடுத்து, கூட வந்துவிடும்படி கேட்டிருக்கிறான். பேச்சிராஜ் பிரியாணியை நல்ல பக்கத்துப் பல்லால் சாப்பிட்டு முடித்து, "இது டாக்டரம்மா பல்லுல்லா" என்று அனுப்பிவிட்டான்.

பரீட்சை திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் பேச்சிராஜ் ஷிப்ட் முடிந்து நேராகக் கல்லூரிக்கு வந்து நின்றான். கன்னம் அவனுக்கு முன்னால் வந்துவிட்டது, அவன் பின்னால் வந்தான். அப்படி ஒரு வீக்கம். கம்பெனி வாசலில் செக்யூரிட்டி, வாயில் உதிரிபாகம் எதையோ ஒளித்துக்கொண்டு போகிறான் என்று நிறுத்தி வைத்துச் சோதனை போட்டுத்தான் விட்டாராம்.

நாற்காலியில் சாய்த்து லைட்டைப் போட்டாள். வாய் முழுதாகத் திறக்கவில்லை.

"மாத்திரை ஒழுங்கா போட்டீங்களாண்ணா?"

அவன் லைட்டிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

"அண்ணா?"

"போடல தாயி."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணு போட்டேன். வலி நின்னுபோச்சி. அப்புறம் போடல."

"வலி நிக்கத்தானே மாத்திரை?"

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு, வீங்கின வாயால் மெதுவாகச் சொன்னான். "வலி நின்னுட்டுன்னு சொன்னா நீங்க போன் பண்ண மாட்டியள்லா. லைன்ல சூப்பர்வைசர் 'ஓ.டி. பாக்கியா'ன்னு கேப்பாரு. ரூம்ல ஒரு பாயில ரெண்டு ஷிப்டு ஆளு. 'எப்ப எந்திரிப்ப'ன்னு கேப்பானுவ. சாப்ட்டியா, வலிக்கான்னு இந்த ஊருல நீங்க ஒருத்திதான் கேட்டிய."

கவிப்பிரியா லைட்டைக் கொஞ்சம் தள்ளினாள். "அது... எக்ஸாமுக்காகக் கேட்டதுண்ணா" என்றாள்.

"தெரியும். நீங்க 'அப்பாடா'ன்னு சொன்னது கேட்டுச்சி." சிரிக்கப் பார்த்தான், கன்னம் விடவில்லை. "இருக்கட்டும். எதுக்குன்னாலும் கேட்டியள்லா. திங்கக்கெழம வரை தாங்கிருவேன் தாயி."

மணிகண்டபிரபு அவளை ஓரமாகக் கூப்பிட்டான். அவனுக்கு முந்தின நாள்தான் ஒரு பல்லுக்குப் பேரம் படிந்திருந்தது. அதனால் தாராள மனதோடு இருந்தான். "ஏய், லூசு மாதிரி முழிக்காத. ஆன்டிபயாடிக் ஊசி போட்டு அனுப்பு. மூணு நாள்தானே? அவனே தாங்குறேன்னு சொல்றான். உனக்கு இன்னா வந்துச்சி?"

அவன் சொன்னதில் தப்பே இல்லை. நோயாளி சம்மதிக்கிறான், பல்லும் எங்கேயும் ஓடிவிடாது. அவள் மறுபடி வந்து லைட்டைச் சரிசெய்தாள். பேச்சிராஜ் அதற்குள் கண் அசந்திருந்தான். வாயோரம் எச்சில் வழிந்தது. தூக்கத்திலும் ஒரு கை கன்னத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று நாள் இவனைக் கூப்பிட்டு வலிக்கிறதா என்று கேட்க வேண்டும். வலிக்கிறது என்பான். அதைக் கேட்டு இவள் நிம்மதியாக வேண்டும். அவளால் முடியவில்லை. அது இரக்கமா, வெறும் அசதியா என்று அவளுக்கே விளங்கவில்லை.

சிவசங்கர் சாரைக் கூப்பிட்டாள். அறுவைப் பிரிவுக்குத் தலைவர். வாயைப் பார்த்தால் முகத்தைப் பார்க்க மாட்டார்.

"இன்னிக்கே எடுக்கணும்" என்றார். பிறகு அதிசயமாக அவள் முகத்தைப் பார்த்தார். "இது உன் எக்ஸாம் கேஸ் இல்ல?"

"ஆமா சார்."

"திங்கக்கிழமைக்கு இன்னா பண்ணுவே?"

"தெரியல சார்."

சீழை வடித்து, ஊசி போட்டு, சார் பக்கத்தில் நிற்க அவளே எடுத்தாள். பல் சுலபமாக வரவில்லை. ஒரு வேர் பாதியில் முறிந்து, அதைத் தோண்டி எடுப்பதற்குள் அவளுக்கும் நாற்காலியில் இருந்தவனுக்கும் வியர்த்துவிட்டது. பேச்சிராஜ் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்த பிடியில் அது பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டதாகப் பின்னாளில் கதை கட்டினார்கள். வரவில்லை, கொஞ்சம் ஆடியது, அவ்வளவுதான். பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுந்தவன் பேச முடியாமல் கைகூப்பினான். அப்படியே சட்டையைச் சரிசெய்துகொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான். படுக்கப் பாய் காலியாக இருக்கிற நேரம் அது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் வடக்குப்பட்டு, பென்னலூர் என்று அலைந்தாள். இருந்த சொத்தையெல்லாம் அட்வான்ஸ் வாங்கியிருந்தது. மீதிப் பேருக்கு முத்துமுத்தாக வரிசை தவறாத பல்.

திங்கட்கிழமை காலையில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அவளுடைய காலி நாற்காலிக்கு எதிரே நின்றார்.

"பேஷன்ட் எங்கம்மா?"

"வலி தாங்கலன்னு வெள்ளிக்கிழமையே எடுத்துட்டேன் சார்."

"வலி இருந்தாத்தானம்மா பேஷன்ட்டே. அதுக்காக எக்ஸாமுக்கு முன்னாடி எடுத்துடறதா?" உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு அடுத்த நாற்காலிக்கு நகர்ந்தார். அங்கே மணிகண்டபிரபு ஒரு பெரியவரின் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

கவிப்பிரியா வெளியே வந்தாள். கோட்டைக் கழற்றிச் சுருட்டி, நோயாளிகள் காத்திருக்கிற பெஞ்சில் தலைக்கு வைத்து நீட்டிப் படுத்தாள். வீட்டுக்குப் போன் பண்ண வேண்டும். பண்ணலாம். ஜன்னலுக்கு வெளியே ஷிப்ட் பஸ்கள் வரிசையாக ஆட்களை இறக்கி, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின.

தரை துடைக்கப் புதிதாகச் சேர்ந்திருந்த பாஞ்சாலி, மாப்போடு வந்தவள் அவள் தோளைத் தட்டினாள். "எம்மா, இந்தா, எழுந்திரு. பல்லு காட்ட வந்தியா? இன்னிக்கு டாக்டருங்களுக்கெல்லாம் எக்ஸாமு. யாரும் பாக்க மாட்டாங்கோ. நாளிக்கு வா."

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு, கவிப்பிரியா கால்களை மட்டும் கொஞ்சம் மடக்கிக்கொண்டாள். பாஞ்சாலி அந்த இடத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.