மகள் பெயரில் ஒரு கடிதம்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இருந்த அந்தக் கல்லூரி மிகவும் சிறியது. வருகிற கடிதங்களையெல்லாம் சேர்க்கை அதிகாரியே படிப்பார் என்பது மார்லாவுக்குத் தெரியாது, பாவம். மகள் இங்க்ரிடோடு கல்லூரியைப் பார்க்கப் போன அன்று அவர் ஓடி வந்து மகளின் கையைக் குலுக்கி, இருவரையும் தன் அறையில் உட்கார வைத்தார்.

"விடியக்காலைல எழுந்து பறவை எண்ணுற பொண்ணு நீதானே? உன் கடிதத்தை எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேம்மா!"

"நானா? பத்து மணிக்கு முன்னாடி நான் கண்ணே தொறக்க மாட்டேன் சார். எந்தக் கடிதம்?"

மார்லாவுக்கு முகம் தீயாய்ச் சுட்டது. ஆர்வம் காட்டுகிற பிள்ளைகளைத்தான் இப்படிப்பட்ட கல்லூரிகள் எடுக்கும் என்று யாரோ சொல்ல, மகள் பெயரில் அவளே எழுதிப்போட்டிருந்தாள்.

"நான்தான் எழுதினேன்," என்றாள், தரையைப் பார்த்து.

"அப்போ உங்களைத்தான் சேத்துக்கணும் போலிருக்கே!" என்று சிரித்தார் அவர்.

இங்க்ரிட் சிரிக்கவில்லை. "அம்மா, நீ வெளிய உக்காரு. இந்த இடம் எனக்குப் பிடிக்குதான்னு நானே பேசிப் பாக்குறேன்."

மார்லா எழுந்துபோய், கதவைத் தன் கையாலேயே சாத்தினாள்.