கழுவிய தபால்தலையில் வந்தவை

நாற்பத்தோரு விநாடிதானே. கொடுத்துவிட்டால்தான் என்ன? கையா காலா கேட்கிறார்கள்?

சுகிர்தம் இப்படி நினைத்தபோது தபால் நிலையத்தின் தாழ்வாரத்தில் இரண்டாவது சுற்றை முடித்திருந்தாள். தாழ்வாரம் சுருள் சுருளாக உள்நோக்கிப் போயிற்று. தரை கறுப்பு. சுவரில், இசைத்தட்டு சுழலும் வேகக் கணக்கில், ஓர் அறிவிப்புப் பலகை தொங்கியது. ‘நாற்பத்தைந்து வேகத்தில் நடக்கவும். முதியோர் முப்பத்து மூன்றில் நடக்கலாம்.’ அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. எதில் சேர்த்தி என்று தெரியாமல் நடுவாந்தரமாக நடந்தாள். மார்போடு அணைத்திருந்த துணிப்பையில் ஓர் இசைத்தட்டு இருந்தது. ஏழு அங்குலம். மீதி எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

போன மாதம் அறிவிப்பு வந்தது. கழுவிய தபால்தலை ஒட்டி வந்த கடிதங்கள் வந்து சேராதவையாகக் கருதப்படும் என்றும், அவற்றைப் பெற்றவர்கள் பெறாத நிலைக்குத் திரும்பிவிட வேண்டும் என்றும் அதில் இருந்தது. புதுத் தபால்தலை ஒட்டித் தருகிறேன் என்று அவள் எழுதிப் போட்டாள். அது செல்லாது என்று பதில் வந்தது.

குற்றம் உண்மைதான். எண்பதுகளில் அதிவேகக் கூச்சல் இசையைத் தபாலில் வரவழைத்துக் கேட்டவர்கள் எல்லோரும் செய்த குற்றம். தபால்தலையின் மேல் மெல்லிசாகப் பசை தடவிவிடுவார்கள். முத்திரை பசையின் மேல் விழும். போய்ச் சேர்ந்தவர் தண்ணீரில் கழுவினால் மை போய்விடும். அதை அடுத்த கடிதத்துக்குள் வைத்துத் திருப்பி அனுப்புவார். சுகிர்தம் ஒட்டிய மயில் படத் தபால்தலை ஒன்று பெரம்பூருக்கும் ஃபின்லாந்துக்கும் இடையில் பதினேழு முறை போய் வந்தது. கடைசியில் மயிலுக்குத் தோகை இல்லை.

அந்தப் பக்கம் கழுவியவள் மிர்யா. அவளுக்கும் அப்போது பத்தொன்பது வயது. பழைய புத்தகக் கடையில் அகப்பட்ட ஒரு ஜெராக்ஸ் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் அவள் முகவரி இருந்தது. பிரேசில், இத்தாலி, ஜப்பான் என்று எங்கெங்கோ இருந்த குழுக்கள் முந்நூறு பிரதி மட்டும் போட்ட தட்டுகளை அவள் கேசட்டில் பதிந்து அனுப்புவாள். ஒரு பாட்டு ஒரு நிமிடம்கூட இருக்காது. தொடங்கிவிட்டதா என்று யோசிப்பதற்குள் முடிந்திருக்கும்.

பிறகு இரண்டு பேரும் தபாலிலேயே ஒரு குழு தொடங்கினார்கள். குழுவின் பெயர் ‘கதவைச் சாத்து’. மிர்யா கிதாரையும் டிரம்மையும் கேசட்டில் அனுப்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுகிர்தம் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டாள். வீட்டார் ஆராதனைக்குப் போனார்கள். அவள் குளியலறைக்குப் போய், இரவல் டேப் ரிக்கார்டரைப் பக்கத்தில் வைத்து, பித்தளை அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு கத்தினாள். உட்காரு. எழுந்திரு. காலை மடக்கு. பல் தெரியச் சிரிக்காதே. யார் வந்தது. எங்கே போனாய். அவளுக்கு அதுவரை சொல்லப்பட்ட அத்தனையும் நாற்பத்தோரு விநாடியில் அடங்கின. அதற்கு முன்பும் அவள் கத்தியதில்லை. அதற்குப் பிறகும் கத்தியதில்லை.

மிர்யா அந்தக் கத்தலைத் தன் கிதாரோடும் டிரம்மோடும் சேர்த்து ஒரு தட்டாகப் போட்டு அனுப்பினாள். அந்தத் தட்டைத்தான் இப்போது கேட்கிறார்கள்.

தபால்காரர் நாளுக்கு ஒன்றாக எடுத்துப்போனார். முதல் நாள், ஏரி உறைந்ததைப் பற்றி மிர்யா எழுதிய கடிதம். அன்றிலிருந்து ஃப்ரிட்ஜில் ஐஸ் கட்டவில்லை. இரண்டாம் நாள் இத்தாலியக் கேசட். சுகிர்தத்துக்கு சைக்கிள் ஓட்ட மறந்துபோயிற்று. மூன்றாம் நாள் பிரேசில் கேசட். கடைக்குப் போய்த் திரும்பியபோது முன்னறையில் இஸ்ரவேல் உட்கார்ந்திருந்தார்.

இஸ்ரவேல் முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்னால் அவளைப் பெண் பார்க்க வந்தவர். அன்று அவள் காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, எல்லோர் முன்னிலையிலும், எனக்கு விருப்பமில்லை என்று சொன்னாள். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். அண்டாவுக்குள் ஒரு தடவை கத்தியவளுக்கு வெளியே சாதாரணக் குரலில் அதைச் சொல்வது பெரிய காரியமாக இல்லை. பிறகு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. தனி வீடு. தன் சாவி.

இப்போது அவர் அதே சாம்பல் நிற சஃபாரி உடையில், அதே முப்பத்தொரு வயதில், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். காபியில் இன்னும் ஆவி பறந்தது.

“யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு அவசரமில்ல,” என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் அவருடைய செருப்பு வாசலிலிருந்து உள்ளே வந்திருந்தது. அதற்கு மறுநாள் கொடியில் அவருடைய பனியன் காய்ந்தது. நேற்று சுவரில் ஒரு கல்யாணப் படம் இருந்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் இஸ்ரவேல். பக்கத்தில் வெள்ளைப் புடவையும் பூச்செண்டும். முகம் இருக்க வேண்டிய இடம் மட்டும் இன்னும் காயாமல் ஈரமாக இருந்தது. உற்றுப் பார்த்தால் மூக்கு தெரிந்தது. சுகிர்தத்தின் மூக்குதான். தட்டும் போனால் முழு முகமும் வந்துவிடும் என்று அவளுக்குப் புரிந்தது. அதனால்தான் தபால்காரர் வருமுன் தானே புறப்பட்டு வந்தாள். ஒரே ஒரு பொருளை மட்டும் விட்டுவிடும்படி யாரிடமாவது கேட்க வேண்டும். காலில் விழ வேண்டுமென்றாலும் விழலாம்.

மூன்றாம் சுற்றில் இரண்டு கவுண்ட்டர்கள் எதிரெதிராக இருந்தன. ஒன்றில் பங்க் இசை என்று எழுதியிருந்தது. மற்றதில் மெட்டல் இசை. அவள் முதல் கவுண்ட்டரில் தட்டை நீட்டினாள். குமாஸ்தா அதைக் காதோடு வைத்துப் பார்த்தார்.

“இது நம்ம கவுண்ட்டர் இல்லம்மா. இருபதாவது விநாடியில கிதார் கனமாயிடுது. எதிர்ல போங்க.”

எதிர் கவுண்ட்டர் மூன்றடி தூரம். அங்கிருந்தவர், இருபது விநாடி வரைக்கும் கண்மண் தெரியாத வேகம், இதைத் தொட்டால் தன் வேலை போய்விடும் என்று திருப்பி அனுப்பினார். திரும்பும்போது தூரம் ஒரு தெரு அளவு ஆகியிருந்தது. மூன்றாம் தடவை ஷேர் ஆட்டோவில் போக வேண்டியிருந்தது. ஆட்டோவில் நாலு பேர் இதே காரியமாகக் குறுக்கே போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இசைக்கு என்று தனிக் கவுண்ட்டர் கேட்டுப் பத்து வருடமாக மனு கொடுத்திருப்பதாக ஒருவர் சொன்னார். மனுவை எந்தக் கவுண்ட்டரில் கொடுப்பது என்பதுதான் முடிவாகவில்லையாம்.

“நடுவுல இருக்குற மேடத்தப் பாருங்க. அவங்கதான் எல்லாம்,” என்றார் ஆட்டோக்காரர்.

உட்சுற்றுகளில் ஆட்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். அவர்களுடைய தாழ்வாரம் எங்கேயும் போகவில்லை. வட்டமாகத் தன்னிலேயே வந்து சேர்ந்தது. வண்ணாரப்பேட்டை கன்னியப்பன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவர் அவளோடு சேர்ந்து நடந்தார். முப்பது வருடம் சேர்த்த ஜப்பான் தட்டுகளைப் போன வாரம் ஒப்படைத்துவிட்டாராம். காது இருந்த இடம் வழவழவென்று இருந்தது. ஆனாலும் அவள் கேட்பதற்கு முன்பே பதில் சொன்னார்.

“ரொம்ப லேசா இருக்குங்க. ராத்திரி படுத்தா விடிஞ்சுடுது.”

எந்தக் குழுக்கள் என்று அவள் கேட்க நினைத்தாள்.

“அதெல்லாம் வரவேயில்லையேம்மா. வராததுக்கு ஏது பேரு?”

அவர் சிரித்தார். சிரித்து முடித்த இடத்திலேயே மறுபடி சிரிக்கத் தொடங்கினார். மூன்றாவது முறை அதே சிரிப்பு, அதே இடத்தில் விக்கி நின்றது. சுகிர்தம் நடையைக் கூட்டினாள்.

கடைசி வளைவில் சுவரில் ஆளுயரத்துக்கு எழுத்துகள் கீறியிருந்தன. ‘அண்டா வாழ்க’. தட்டில் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வெற்று வளையத்தில் என்ன கீறலாம் என்று மிர்யா கேட்டபோது அவள் எழுதி அனுப்பியது. தமிழ் தெரியாத யாரோ ஒரு ஃபின்லாந்துக்காரர் படம் வரைவதுபோல ஒவ்வொரு சுழியாகப் பார்த்துக் கீறியிருந்தார். இங்கே ஏணி போட்டு ஒருவர் அதன் மேல் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார். ‘அண்டா’ போயிருந்தது. நிறுத்துங்கள் என்று அவள் சொன்னாள். எழுத்து எதுவும் தன் கண்ணுக்குத் தெரியவில்லையே என்று அவர் வருத்தத்தோடு சொல்லிவிட்டு ‘வா’வைப் பூசினார்.

நடுவில் ஒரு பெரிய துளை இருந்தது. அதன் விளிம்பில் மேசை. மேசைக்குப் பின்னால் புஷ்பகாந்தி என்ற பெயர்ப் பட்டையோடு ஓர் அதிகாரி. மேசைக்குப் பக்கத்து நாற்காலியில் இஸ்ரவேல், டம்ளரோடு. எப்படி வந்தார் என்று சுகிர்தம் கேட்கவில்லை. அவர் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். கெஞ்சினாள் என்றே சொல்ல வேண்டும். இந்த ஒன்றை விட்டுவிடுங்கள், வீட்டில் சத்தமாகப் போடமாட்டேன், பீரோவில் வைத்துப் பூட்டிக்கொள்கிறேன் என்றாள். புஷ்பகாந்தி பொறுமையாகக் கேட்டார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பினார்.

மிர்யாவின் கையெழுத்து இருந்தது. ‘எனக்கு எதுவும் வரவில்லை.’ போன வாரத் தேதி.

“அவங்களே குடுத்துட்டாங்கம்மா. கிதாரு, டிரம்மு எல்லாம் வந்தாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி.”

சுகிர்தம் நம்பவில்லை. அதிகாரி தட்டை வாங்கி, துளைக்குப் பக்கத்தில் இருந்த கருவியில் வைத்து, முள்ளை இறக்கினார்.

கிதார் இல்லை. டிரம் இல்லை. அவை இருந்த இடங்களில் வெறும் காற்று. முதலில் எங்கோ கோயில் மணி. குழாய் சொட்டும் சத்தம். மூச்சை உள்ளே இழுப்பது. பிறகு அண்டாவுக்குள்ளிருந்து ஒரு பெண் கத்தினாள். துணைக்கு எதுவும் இல்லாமல், தாளத்துக்காகக் காத்திருக்க வேண்டிய இடங்களில் காத்திருந்து, மறுபடி கத்தினாள். பாட்டாக இல்லை. எக்கச்சக்கமாகப் பயந்துபோன குரல் அது. இத்தனை வருடமும் அதைக் கோபம் என்று சுகிர்தம் நினைத்திருந்தாள். பயத்தோடேதான் அவ்வளவும் கத்தியிருக்கிறாள். நாற்பத்தோரு விநாடிக்கு ஒரு விநாடிகூடக் குறைக்கவில்லை.

முள் தூக்கிக்கொண்டது. இஸ்ரவேல் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

“உங்களுக்குத் தொண்ட வலிச்சிருக்குமே,” என்றார்.

புஷ்பகாந்தி மேசைக்கு அடியிலிருந்து ஒரு சாக்குப்பையை எடுத்தார். தபால் போடும் பழுப்புச் சாக்கு. அதன் வாயை இரண்டு கையாலும் அகட்டிப் பிடித்தார்.

“தட்டு இங்கயே இருக்கட்டும். அது வெறும் உறைதான். உள்ள இருந்தது உங்க தொண்டையிலதான் இருக்கு. இதுக்குள்ள ஒரே ஒரு தடவ கத்திடுங்க. அப்படியே வேணும், அதே மாதிரி. நான் கட்டிச் சீல் வெச்சு அனுப்பிடுவேன். வீட்டுக்குப் போய் நிம்மதியா இருக்கலாம்.”

கத்தாவிட்டால் என்ன ஆகும் என்று சுகிர்தம் விசாரித்தாள். பெறாதவராகவும் இல்லாமல் பெற்றவராகவும் இல்லாமல் இங்கேயே இருக்க வேண்டியதுதான், அப்படி இருப்பவர்களுக்குச் சாப்பாடு, வீடு, பெயர் எதற்கும் விதியில் இடமில்லை என்று அதிகாரி விளக்கினார். மிரட்டலாகச் சொல்லவில்லை. ரயில் நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

சாக்கு அவள் முகத்துக்கு நேரே வந்தது. உள்ளே இருட்டாக இருந்தது. பழைய பசை வாசனை அடித்தது. மிர்யாவின் கிதார் அடியில் எங்கோ கிடக்க வேண்டும். இப்போது கத்தினால் அதோடு போய்ச் சேர்ந்துகொள்ளலாம். ஒரு கணம் அவளுக்கு அந்த ஆசையும் வந்தது. வாய் தானாகவே திறந்தது.

“ம்,” என்றார் புஷ்பகாந்தி. இஸ்ரவேல் டம்ளரை உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தினார். தாழ்வாரத்தில் நடப்பவர்களும் நின்றுவிட்டார்கள் போலிருந்தது.

அதிகாரியின் கைகள் சாக்கின் கனத்தில் மெல்லத் தாழ்வதை சுகிர்தம் பார்த்தாள். மேல் மடிப்பை எடுத்து, அவருக்கு நோகாமல், மெதுவாக மூடினாள்.

“வேணாங்க,” என்றாள். “இது என் தொண்டையிலயே இருக்கட்டும்.”