தடித்துப்போன ஜவ்வு

...அப்படியென்றால் முதுகெலும்பில் கோளாறு இல்லை, எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கிற ஜவ்வில்தானாம், சின்ன வயதில் ரப்பர் மாதிரி இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குமாம், வயதாக ஆக அந்த இழுவை போய், தடித்து, உள்பக்கமாக மடிந்து நரம்பை நெருக்குமாம், அதனால்தான் கொஞ்ச தூரம் நடந்தாலே கால் மரத்துப்போகிறது... டாக்டர் ஸ்கேன் படத்தில் பேனாவை வைத்துக் காட்டினார், எனக்குத் தெரிந்ததெல்லாம் சாம்பலும் கறுப்பும்தான், இருந்தாலும் பெரிய படிப்பாளி மாதிரித் தலையாட்டி வைத்தேன். என்ன வேலை பார்த்தீர்கள் என்றார். அச்சகத்தில் பேப்பர் கட்டு தூக்கினேன் என்றேன். “இனிமே எதையும் தூக்கக் கூடாதுங்க” என்றார். எதையும் என்றால்? வீட்டில் இருக்கிற என் பெண்டாட்டியையுமா? கேட்க வாய் வரவில்லை, கேட்டால் ஆமாம் என்று சொல்லித் தொலைப்பார், அப்புறம் என்ன செய்வேன்...

வெயில் ஜன்னலை விட்டு இறங்கிவிட்டது, அவளை நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றும் நேரம். பக்கவாதத்தில் அவளுடைய வலது பக்கம் விழுந்த நாளிலிருந்து நான்தான் தூக்குகிறேன், வேறு யார் கை பட்டாலும் விறைத்துக்கொள்கிறாள். மகள் போன மாதம் வந்தபோது இவள் கட்டிலருகில் நின்றே சொல்லிவிட்டாள். “அப்பா, உங்களால தூக்க முடியலன்னா அம்மாவ ஹோம்ல சேத்துடலாம். ரெண்டு பேரும் விழுந்து கெடந்தா யாருக்குத் தெரியும்?” மகளைக் குறை சொல்ல முடியுமா, வேலை ஒரு ஊரில், நாங்கள் ஒரு ஊரில்... ஆனால் இவள் இல்லாத வீட்டில் நான் யாரிடம் எரிந்து விழுவேன்? டாக்டர் என்ன சொன்னார் என்று மதியத்திலிருந்து கேட்கிறாள், வெறும் பிடிப்புதான், தைலம் போதுமாம் என்று புளுகினேன், இத்தனை வருடத்தில் என் புளுகு ஒன்றாவது அவளிடம் எடுபட்டிருக்கிறதா?

முட்டியை மடக்கிக் குனிந்தேன். அவள் இடது கை என் கழுத்தைச் சுற்றியது. இன்றோடு சரி, இரண்டு பேரும் தரையில்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தேன்... எழுந்துவிட்டேன். வலி உயிர் போனது, ஆனாலும் அவள் வந்துவிட்டாள், சொல்லப்போனால் சுலபமாகவே வந்துவிட்டாள், டாக்டராவது ஸ்கேனாவது, இந்தக் கட்டையில் இன்னும் வலு இருக்கிறது, மகளுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று ஒரே மிதப்பு எனக்கு. கட்டிலில் இறக்கும்போதுதான் உள்ளங்கையில் அவள் விலா எலும்புகள் தட்டுப்பட்டன. இது எப்போதிருந்து? பேப்பர் கட்டில் பத்துத் தாள் குறைந்தாலும் தூக்கின கையிலேயே சொல்வேனே, அச்சகமே என்னைத் தராசு என்றுதானே கூப்பிட்டது, தினம் தூக்குகிறவளிடம் எப்படிக் கோட்டை விட்டேன்... தினம் தூக்கியதால்தானா? தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்து, தட்டை எடுத்து வந்து ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கினாள், உதட்டை மூடிக்கொண்டாள். பசியில்லையா என்றேன். என் முகத்தைப் பார்க்காமல் இடுப்பையே பார்த்தாள்.

“போதுங்க. நீங்கதானே தூக்கணும்.”

சண்டை போட்டாவது ஊட்டியிருக்க வேண்டும், அழுதாவது... கரண்டி நிறையச் சோறு, அவள் வாய்க்குப் பக்கத்தில் என் கை, இந்த ஒரு வாய் உள்ளே போனால் நாளைக்கு எவ்வளவு கனப்பாள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.