பதிவில் இல்லாத பிள்ளைகள்

தோட்டக் கம்பெனியின் மலாக்கா ஆபீசில் தேவிஸ்ரீ கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். தொண்ணூற்றைந்தில் தோட்டத்து கிளினிக் பதிவுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றியது அவள்தான். தொழிலாளர்களுக்கு ஓர் அட்டவணை, பிள்ளைகளுக்கு ஒன்று. பிள்ளையின் வரியில் தகப்பனின் வேலை எண் இருக்கும். தகப்பன் வரியை அழித்தால் பிள்ளைகளின் வரியும் தானே அழிந்துவிடும். வேலையை விட்டுப் போகும் குடும்பங்களை நினைத்து அப்படிச் செய்திருந்தாள். சாவை நினைக்கவில்லை.

நியாலாஸ் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லாரி கவிழ்ந்து தொழிலாளி நாகமுத்து இறந்துபோனான். ஆபீசில் வழக்கம்போல் அவன் வரியை அழித்தார்கள். கருமாதி முடிந்த கொஞ்ச நாளில் அவன் மனைவி மீனம்மா, இழுப்பு வந்த மகன் கிஷனைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினாள். அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெசர் தனபாலன் முதலில் மருந்து கொடுத்துவிட்டுப் பிறகுதான் பெயரைத் தேடினார். கிடைக்கவில்லை. மலாக்காவுக்குப் போன் செய்து தேவிஸ்ரீயிடம் விசாரித்தார். நடுவில் மீனம்மா ரிசீவரை வாங்கினாள்.

"அவருதான் போயிட்டாரு. புள்ளையும் இல்லங்கிறீங்களா?"

பையனை மறுபடி ஏற்றிவிடுவதாக மட்டும் தேவிஸ்ரீ சொன்னாள்.

பழைய பதிவுகள் இருந்த டிஸ்கெட்டுகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, சுங்கை ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்திலும் தகப்பனை இழந்த ஓர் அக்காள் தம்பியின் வரிகளைக் காணோம். அவர்களைப் பற்றி யாரும் கேட்டிருக்கவில்லை.

இறந்தவர்களின் வரி அழியாதபடி மாற்றிவிடலாமா என்று அவள் கேட்டதற்கு மேனேஜர் ஹரிதாஸ், இறந்தவர்களை எதற்குக் கம்ப்யூட்டரில் வைத்திருக்க வேண்டும் என்றார்.

"செத்தாலும் அவங்கதானே சார் அப்பா?" என்றாள்.

அவர் மாற்றச் சொன்னார்.

தேவிஸ்ரீ எல்லாரையும் ஒரே அட்டவணையில் போட்டாள். யாருக்கு யார் என்ன உறவு என்பதற்குத் தனி அட்டவணை வைத்தாள். இறந்தவர்களுக்கு இறந்த தேதி மட்டும் சேரும், வரி அழியாது. கிஷனுக்குத் தகப்பன் நாகமுத்து, தாய் மீனம்மா என்று ஏற்றிவிட்டு, தனபாலனிடம் போனில் சொன்னாள்.

பிறகு பஸ் ஏறிச் சுங்கை ரம்பாய்க்குப் போனாள். அந்தப் பிள்ளைகளுக்குத் தாயும் இல்லை. பக்கத்து வீட்டு ராஜம்மாதான் இருவரையும் வளர்த்துக்கொண்டிருந்தாள். தேவிஸ்ரீ விவரங்களைக் கேட்டு முடித்துக் கிளம்பும்போது ராஜம்மா தயங்கியபடி கேட்டாள்.

"நான் பெத்தவ இல்லலா, தங்கச்சி. என் பேரும் ஏறுமா?"

"ஏறும்க்கா. வளர்ப்புத் தாய்னு போடுறேன்."

ராஜம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைகளைச் சோறு தின்னக் கூப்பிட்டாள்.