கமாலுதீன் கடைப் போணி

1929ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் கழிந்த மறுவாரம், மலாய் நாட்டு ஜார்ஜ் டவுன் கடைத்தெருவில் கடல் ஏறி வந்து கமாலுதீனின் மளிகைக் கடைக்குள் மட்டும் நுழைந்தது. அன்று வெங்காயம் கொஞ்சம் விலை ஏறியிருந்தது. படகுத்துறையிலிருந்து ஒரு பாய் அகலத்துக்குத் தெரு நடுவே வந்த தண்ணீர், துணிக்கடையையும் நகைக்கடையையும் தொடாமல் தாண்டி, கமாலுதீன் வாசலில் திரும்பி உள்ளே போனது. அரிசி மூட்டைகளை நனைத்தது, பருப்பை ஊற வைத்தது, பொழுது சாயுமுன் வந்த வழியே இறங்கிவிட்டது. மறுநாளும் வந்தது. அதன்பிறகு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை. கதவு மூடியிருந்தால் மட்டும் உள்ளே வராது. படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விடும்.

முனிசிபாலிட்டியிலிருந்து வந்த வெள்ளைக்காரர் ஒருவர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து, உப்புதான் என்று சொல்லிவிட்டுப் போனார். சேதி பரவியது. அக்கரை ஊர்களான பிறையிலிருந்தும் புக்கிட் மெர்தாஜாமிலிருந்தும் ஜனங்கள் பெண்டு பிள்ளைகளோடு படகேறி வேடிக்கை பார்க்க வந்தார்கள். ரப்பர் விலை விழுந்து ஊரெல்லாம் கடைகள் ஈயோட்டிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. கடைத்தெருவில் மட்டும் நிற்க இடமில்லை. எதிர்ப்பக்கம் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த சீனி முகம்மது இன்னும் நான்கைந்து பெஞ்சு வாங்கிப் போட்டார். படம் பிடிக்கும் இராயப்பன், கமாலுதீன் வாசல் தண்ணீரில் ஆட்களை நிறுத்திப் படமெடுத்தே மகளுக்குக் கல்யாணம் செய்தார். வந்தவர்கள் எட்டிப் பார்த்து, பாவம் என்றார்கள். பிறகு எதிரே போய்த் தேத்தண்ணி குடித்தார்கள். ஊறிய பருப்பை யார் வாங்குவார்கள்?

உப்புத்தண்ணீரில் நின்று நின்று கமாலுதீனின் கால்கள் புண்ணாயின. "போதும்ங்க. கெப்பாலா பத்தாஸ்ல எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவோம். இந்தக் காலோட இன்னும் எம்புட்டு நாளு நிப்பீங்க?" என்று மனைவி சித்தி ஹாஜரா அழுதாள். அவரும் சரி என்றார். அது தெருவுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் நடக்கும் முதல் வியாபாரம் போணி. போணி ஆகிவிட்டால் அந்தி சாய்ந்து மக்ரிப் தொழுகை வரை கடையை மூடக்கூடாது. மூடினால் கடையின் விருத்தி, பரக்கத்து, போய்விடும். மறுநாள் விடிந்ததும் சீனி முகம்மது வந்து நின்றார்.

"அண்ணே, ஒரு தீப்பெட்டி குடுங்க. நம்ம தெருக் கடைய நாமதானே தாங்கணும்லா."

மேல்தட்டில் நனையாமல் இருந்தது தீப்பெட்டி ஒன்றுதான். கமாலுதீன் எடுத்துக் கொடுத்தார். கடல் வந்தது, கூட்டமும் வந்தது. அடுத்த நாள் துணிக்கடைக்காரர், அதற்கடுத்த நாள் நகைக்கடைக்காரர் என்று முறை வைத்துப் போணி செய்தார்கள். அரிசியும் எண்ணெயும் அடுத்த தெருவில் வாங்கினார்கள். கமாலுதீன் கடையை நாங்கள்தான் ஆதரித்தோம் என்று இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள், கொஞ்சமும் கூச்சமில்லாமல். ஆதரவுதான். தூக்குக் கயிறும் ஆளைத் தாங்கத்தான் செய்கிறது. அப்படியே நான்கு வருடம் போனது.

1933இல் புண் காய்ச்சலாகி கமாலுதீன் இறந்தார். உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போனபோது, ஏறி வந்துகொண்டிருந்த கடல் பாதையை விட்டு ஓரமாக ஒதுங்கி நின்றது. வியாபாரிகள் அடக்கம் செய்யும் மையவாடிவரை போய், மனசார அழுதார்கள். அந்த அழுகை பொய்யில்லை.

கணவனை இழந்தவள் வெளியே வராத இத்தாக் காலம் முழுதும் கடை பூட்டிக் கிடந்தது. கடல் படிவரை வந்து திரும்பியது. பார்க்க ஒன்றுமில்லாததால் கூட்டம் கரைந்தது, பெஞ்சுகள் காலியாயின. இத்தா முடிந்த காலை, சித்தி ஹாஜரா துணிமூட்டையைக் கட்டி, படகுத்துறைக்குப் போகக் கிளம்பினாள். பலகைக் கதவை யாரோ தட்டினார்கள்.

"அக்கா, ஒரு தீப்பெட்டி." சீனி முகம்மதின் குரல்.

"கடை இல்ல. போங்க."

"நீங்க சும்மா உக்காந்தா போதும்கா. நாங்க பாத்துக்குறோம்லா."

"அவரப் பாத்துக்கிட்டது பத்தாதா? போங்கடா, நாசமாப் போறவனுங்களா!"

பிறகு கதவின் அடியிடுக்கு வழியாகப் போணிக் காசு ஒன்று உள்ளே வந்தது. அவள் அதைக் கால் விரலால் வெளியே தள்ளினாள். அதுவரை மூடிய கதவை மதித்து நின்ற கடல், அன்று ஒரு விரல் கனத்துக்கு இடுக்கில் நுழைந்து, காசை உருட்டிக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தது.

சித்தி ஹாஜரா மூட்டையை இறக்கினாள். தாழ்ப்பாளை நீக்கினாள். முதலில் கடல் உள்ளே வந்தது, பின்னால் சீனி முகம்மது. அவரிடம் தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, அவள் கல்லாவில் உட்கார்ந்தாள்.