யார் புள்ள நீ

ஞாயிற்றுக்கிழமை காலையில் மங்களம் அதே நான்கு டம்ளர்களை மூன்றாவது தடவையாகக் கழுவிக்கொண்டிருந்தாள். பார்கவி வருகிறாள். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் மங்களத்தின் புருஷன் முனிகிருஷ்ணனின் ஆட்டோவில் தற்செயலாக ஏறியவள், இறங்கும்போது அவர் முகத்தைப் பார்த்து, "மங்களம் அக்கா வீட்டுக்காரருங்களா நீங்க?" என்று கேட்டு, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவர் வந்து அதைச் சொன்னதிலிருந்து மங்களத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்பதா, அந்தப் பேச்சையே எடுக்காமல் காபியைக் கொடுத்து அனுப்பிவிடுவதா? எதுவும் ஓடவில்லை அவளுக்கு.

தொண்ணூற்றொன்பதிலும் பெங்களூரில் இதே ஈஜிபுரா, இதே காம்பவுண்ட்தான். ஒரு முற்றம், ஒரு குழாய், சுற்றி ஆறு வீடு. பார்கவி ஈரோட்டிலிருந்து வந்த புதிது, கோரமங்களாவில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஒன்றே முக்கால் வயசு மகன் கிஷோரைக் காலையில் மங்களத்திடம் விட்டுவிட்டு, சாயங்காலம் வந்து தூக்கிப் போவாள். எத்தனை மணிக்குச் சாதம், எத்தனை மணிக்குத் தூக்கம், அதட்டக் கூடாது, பயமுறுத்தக் கூடாது என்று தாளில் எழுதியே கொடுத்திருந்தாள். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு சமத்தை மங்களம் பார்த்ததே இல்லை. பாயில் உட்கார வைத்தால் அதே இடத்தில் இருப்பான். கையிலிருக்கிற பிஸ்கட்டை வேறொரு வாண்டு பிடுங்கிக்கொண்டு போனாலும், வெறும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பானே தவிர அழமாட்டான். "அமைதியான டைப்புங்க்கா இவன்" என்று பார்கவி பெருமையாகச் சொல்வாள். மங்களத்துக்கு அது சரியாகப் படவில்லை. அவள் பெற்ற இரண்டும் இந்த வயசில் கத்திக் காம்பவுண்டையே கூட்டியவை.

அந்த முற்றத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. நடக்க ஆரம்பித்த எந்தக் குழந்தையையும் யாரும் சும்மா விடமாட்டார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் மோவாயை ஒற்றை விரலால் தூக்கி, "யார் புள்ள நீ? உங்கம்மாவ எனக்குக் குட்த்துடு, நான் கூட்டினு போறேன்" என்று வம்புக்கு இழுப்பார்கள். குழந்தை காலை உதைத்து, "எங்கம்மா" என்று கத்த வேண்டும். இரண்டு அடி போட்டாலும் தப்பில்லை. கேட்டவர் பயந்த மாதிரி ஓட வேண்டியது. மூலைவீட்டுப் பெயிண்டர் டென்சில் ஓடுகிற ஓட்டத்தில் ஒரு கால் செருப்பு கழன்று முற்றத்தில் விழும். இப்படி ஒரு நாளைக்குப் பத்துப் பேரை விரட்டித்தான் அங்கே பிள்ளைகள் வளர்ந்தன.

கிஷோர் முதல் மாசம் வெறித்துப் பார்த்தான். இரண்டாம் மாசம் உதட்டைப் பிதுக்கினான். யாரும் விடவில்லை. ஒரு நாள் டென்சில் குனிந்து கேட்டபோது அவர் மீசையைப் பிடித்து இழுத்து, "எங்கம்மா" என்றான் பாருங்கள், முற்றமே கைதட்டியது. எதிர்வீட்டுத் தனக்கோடி ஓடிப்போய் உப்பு மிளகாய் கொண்டுவந்து சுற்றிப் போட்டாள். அதற்கப்புறம் அவன் பிஸ்கட்டை ஒருத்தனும் பிடுங்க முடியவில்லை. அவனாகப் பிட்டுக் கொடுத்தால்தான் உண்டு. அந்த நாட்களை நினைத்தால் மங்களத்துக்கு இப்போதும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அதுதான் அவளுக்குக் கஷ்டமும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளே மோவாயைத் தூக்கி, "யார் புள்ள நீ?" என்று கேட்டாள். பையனுக்கு அதற்குள் விளையாட்டு அத்துப்படி ஆகியிருந்தது. கண்ணைச் சிமிட்டி, "மங்கா புள்ள" என்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"அப்ப உங்கம்மா வேணாமா?"

"வேணாம்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால் கேட்டருகே பார்கவி, தோளில் ஆபீஸ் பையோடு. திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். பையனை வாங்கிக்கொண்டு, "தெனமும் இதத்தான் சொல்லிக் குடுக்கறீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள். அது விளையாட்டு என்று அதுவரை மங்களம் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டி வந்ததே இல்லை. திங்கட்கிழமை பையன் வரவில்லை. அப்புறம் பூனாவுக்கே போய்விட்டார்கள் என்று தெரிந்தது.

பார்கவி வந்தபோது மணி பன்னிரண்டு. காதோரம் நரைத்திருந்தது. இடுப்பில் இரண்டு வயசுப் பெண் குழந்தை, சிந்துவாம், அம்மா தோளில் முகத்தைப் புதைத்தபடி. பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பையன். "ஹாய் ஆன்ட்டி" என்றான் கிஷோர். அவன் கண்ணில் அவளை அடையாளம் தெரிந்த சுவடு எதுவும் இல்லை. எப்படி இருக்கும்? வீட்டுக்குள் இடம் போதாதென்று முற்றத்திலேயே நாற்காலி போட்டாள் மங்களம். டென்சில் காலி பண்ணிப் போன வீட்டில் பூட்டு தொங்கியது. அந்தப் பக்கம் பார்க்காமல் காபியை நீட்டினாள்.

"இவ யார்கிட்டயும் போகமாட்டாக்கா" என்றாள் பார்கவி.

மங்களம் தைரியத்தைத் திரட்டிக்கொண்டாள். "பார்கவிம்மா, அன்னிக்கி நான் அந்த மாதிரி..."

பேச்சு பாதியில் நின்றது. சும்மா உட்கார்ந்து அலுத்துப்போன கிஷோர் எழுந்து தங்கச்சியிடம் போனான். ஒற்றை விரலால் அவள் மோவாயைத் தூக்கினான்.

"யார் புள்ள நீ? அம்மாவ எனக்குக் குடுத்துடு, நான் கூட்டிட்டுப் போறேன்."

மங்களம் பார்கவியைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவ பொறந்ததுலேர்ந்து இதே வம்புதான்" என்றாள் பார்கவி. "எங்கடா கத்துக்கிட்டன்னு கேட்டா தெரியலங்கறான்." காபியைப் பார்த்துக்கொண்டே குரலை இறக்கினாள். "எனக்குத் தெரியும்ல. நான் நிறுத்தச் சொல்லலைங்க்கா."

சிந்து மெல்ல முகத்தை எடுத்தாள். மூக்கு விடைத்தது. "எங்கம்மா" என்று கத்திக்கொண்டே அம்மா மடியிலிருந்து வழுக்கி இறங்கினாள். அண்ணன், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, பயந்து நடுங்குகிற மாதிரி, முற்றத்தைக் குறுக்கே கடந்து ஓடினான். பின்னாலேயே இவள். பூட்டிய வீட்டுக்கு முன்னால் அவனுடைய ஒரு கால் செருப்பு கழன்று விழுந்தது. அதுவாகக் கழன்றதா, அவன் கழற்றி விட்டானா, தெரியவில்லை. இரண்டு பெண்களும் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.